முத்துப்பேட்டை – பட்டுக்கோட்டை இடையே ஒரு கிராம ஸ்டேஷன்: திறந்த வருடம், பழைய பொருள்கள், எக்ஸ்பிரஸ் நிறுத்தம் பற்றிச் சில சந்தேகங்கள்

அலையாத்தி:

திருவாரூர் – காரைக்குடி பாதையில், முத்துப்பேட்டைக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்துக்கு ஊர் வரலாற்றுச் சிறுநூல் தயாராகிறது. அதில் ஸ்டேஷனுக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஸ்டேஷன் 1894-இல் திறந்தது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அது சரிதானா, எதை வைத்து உறுதி செய்வது?

மீட்டர்கேஜ் காலத்தில் இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், இரண்டு லைன் இருந்தது, வண்டிகள் கிராஸிங் ஆகும். அகலப்பாதை வந்த பிறகு ஒரே லைன், ஒரே நடைமேடை, டிக்கெட் கொடுக்க ஒரு ஏஜென்ட். ஏன் இப்படிக் குறைந்தது?

பழைய புகைப்படம் ஒன்றும் கிடைத்திருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் கையில் பெரிய பிரம்பு வளையம், அதன் அடியில் தோல் பை. பின்னால் மேசையில் கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி. சுவரில் குழல் குழலாக ஒரு மரச்சட்டம். இவற்றின் பெயரும் வேலையும் தெரிந்தால் படத்தின் கீழே சரியாக எழுதிவிடலாம்.

கடைசியாக, எக்ஸ்பிரஸ் ஒன்று நிற்க மனு கொடுக்கும் எண்ணமும் ஊரில் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

மீட்டர்பாதை:

1894 சரியாக இருக்க வழியில்லை சார். அந்த வருடம் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக வந்த பாதை முத்துப்பேட்டையோடு நின்றுவிட்டது. பட்டுக்கோட்டை வரை நீண்டது 1902-இல், அறந்தாங்கி வரை 1903-இல். உங்கள் ஊர் முத்துப்பேட்டையைத் தாண்டி இருப்பதால் 1902-க்கு முன்னால் அங்கே தண்டவாளமே கிடையாது. மாயவரம் – முத்துப்பேட்டை திறந்த வருடத்தை மொத்தப் பாதைக்கும் சேர்த்துச் சொல்லிச் சொல்லி அது ஊர்ப் பேச்சில் நிலைத்திருக்கும்.

ஆனால் 1902 என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள். பாதை திறந்த தேதி வேறு, ஸ்டேஷன் திறந்த தேதி வேறு. பாதை போட்டபோதே எல்லா ஸ்டேஷனும் வந்துவிடவில்லை. ஊர்க்காரர்கள் கேட்டுப் பிறகு சேர்ந்தவையும் உண்டு. ரயில்வே வாரியத்தின் பழைய வெளியீடுகளில் பகுதிவாரியாகப் பாதை திறந்த தேதி இருக்கும், ஸ்டேஷன்வாரியாக இருக்காது. ஸ்டேஷனைப் பிடிக்க நல்ல வழி பழைய கால அட்டவணைகள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆய்வு அனுமதிக்கு விண்ணப்பித்து, ரயில்வே நிர்வாக அறிக்கைகளையும் ஜில்லா போர்டு நடவடிக்கைகளையும் கேளுங்கள். எந்த வருட அட்டவணையில் ஊர்ப் பெயர் இல்லை, எந்த வருடத்தில் இருக்கிறது என்று இரண்டு முனையையும் பிடித்துவிட்டால், தேதி கிடைக்காவிட்டாலும் "இந்த வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் இடையில்" என்று தைரியமாக எழுதலாம். 1906-இல் வெளிவந்த தஞ்சாவூர் மாவட்ட கெஜட்டியரையும் பாருங்கள். பெயரைத் தேடும்போது பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

நூலில் கட்டாயம் சேர்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பாதை கம்பெனிக்காரன் தன் முதலைப் போட்டுக் கட்டியது இல்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தீர்வையோடு ரூபாய்க்கு 3 பை கூடுதலாக வசூலித்துச் சேர்த்த பணம் இதில் இருக்கிறது. அன்றைய ரூபாய்க்கு 192 பை. ஜில்லா போர்டு சொந்தமாக ரயில் பாதை போட்டதில் இதுதான் முன்னோடி. ஓட்டிக் கொடுத்தது மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனி. டெல்டாவின் மிராசுதாரும் குடியானவரும் கட்டிய தீர்வையில் வந்த ரயில் என்பதை இந்தப் பக்கத்து ஊர் ஒவ்வொன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பிந்திய தேதிகள்: கம்பெனி நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது 1944 ஏப்ரல் 1. தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரல் 14. மீட்டர்கேஜ் நின்றது 2012-இல். அகலப்பாதையில் காரைக்குடி – பட்டுக்கோட்டை 2018 மார்ச்சிலும், திருவாரூர் வரை முழுப் பாதை 2019 ஜூன் 1-இலும் ஓடத் தொடங்கின.

கைகாட்டி:

படத்தில் இருப்பது டோக்கன் வளையம். இரும்புப் பெட்டி, நீல்ஸ் பால் டோக்கன் கருவி. ஒற்றை லைனில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடாமல் காத்தது இந்த ஜோடிதான். அதனால் படக்குறிப்போடு நிறுத்தாமல் அது வேலை செய்த விதத்தையும் ஒரு பத்தி எழுதுங்கள்.

பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களில் ஆளுக்கு ஒரு கருவி, இரண்டுக்கும் நடுவே மின்கம்பித் தொடர்பு. கைப்பிடிக்கு மூன்று நிலை: லைன் மூடியிருக்கிறது, வண்டி வருகிறது, வண்டி போகிறது. வண்டியை அனுப்ப வேண்டியவர் மணியடித்து அடுத்த ஸ்டேஷனில் லைன் கிளியர், அதாவது வண்டியை விட அனுமதி, கேட்பார். அங்கே இருப்பவர் சம்மதித்துத் தன் கைப்பிடியை "வருகிறது" பக்கம் திருப்பினால்தான், இங்கே கைப்பிடி "போகிறது" பக்கம் திரும்பும். அப்படித் திரும்பினால் உள்ளங்கையில் அடங்கும் உலோக உருண்டை ஒன்று கீழே விழும். அந்த உருண்டையைத் தோல் பையில் போட்டு, வளையத்தோடு டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அது கையில் இல்லாமல் டிரைவர் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. ஒரு உருண்டை வெளியே இருக்கும் வரை இரண்டு கருவியிலும் இன்னொன்று வராது. அடுத்த ஸ்டேஷனில் அதை உள்ளே போட்ட பிறகே லைன் மூடும்.

வளையம் ஏன் அவ்வளவு பெரிது என்றால், நிற்காமல் போகும் வண்டியில் இன்ஜினில் இருப்பவர் முழங்கையை உள்ளே நுழைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். முந்தின பகுதியின் வளையத்தை அதே நேரம் கீழே வீசிவிடுவார். உருண்டையில் பகுதியின் பெயர் பொறித்திருக்கும். பக்கத்துப் பகுதியின் உருண்டை மாறிப்போய் உள்ளே போகாதபடி பள்ளம் வெட்டியிருக்கும் விதமும் மாறும். கருவி பழுதானால் காகித லைன் கிளியர். இரண்டு மாஸ்டரும் ரகசிய எண் சொல்லிப் பரிமாறி, அதை எழுதிக் கொடுத்தே வண்டியை விடுவார்கள். நேரம் இழுக்கும், வேறு வழியில்லை.

கைகாட்டி சிக்னல் பற்றியும் ஒரு வரி. கை படுக்கையாக இருந்தால் நில், கீழே சாய்ந்தால் போ. கேபின் லீவரிலிருந்து கைகாட்டி வரை கம்பி கப்பிகள் மேல் ஓடும். கம்பி அறுந்தால் எதிர்எடை இழுத்துக் கை தானாக "நில்" நிலைக்கு வந்துவிடும். பழுதானாலும் வண்டி நிற்கத்தான் செய்யும், மோதாது. அந்தக் கப்பிகள், லீவர் நின்ற கான்கிரீட் மேடை, லூப் லைன் (கிராஸிங்குக்கான இரண்டாவது லைன்) கிடந்த அகலமான மண்மேடு இவையெல்லாம் இப்போதும் புதருக்குள் கிடக்கலாம். நூலுக்கு முன்னால் அவற்றைப் படமெடுத்துவிடுங்கள், அடுத்த மண்வேலையில் காணாமல் போய்விடும்.

அடுத்து, ஸ்டேஷன் ஏன் ஹால்ட் (மாஸ்டரும் சிக்னலும் இல்லாத சிறு நிறுத்தம்) ஆனது என்ற கேள்வி. ஊரை மட்டம் தட்டியதாக நினைக்க வேண்டாம். ஸ்டேஷன் மாஸ்டர் டிக்கெட்டுக்காக அங்கே இருக்கவில்லை, கிராஸிங்குக்காக இருந்தார். ஒரு கிராஸிங் ஸ்டேஷன் என்றால் லூப் லைன், வண்டியை லைன் மாற்றும் பாயின்ட், சிக்னல், இரண்டையும் பிணைக்கும் இன்டர்லாக்கிங், பேட்டரி அறை எல்லாம் வேண்டும். 12 மணி நேர ரோஸ்டர் (வேலை முறை) என்றால் மாஸ்டர் 2 பேர், 8 மணி நேரம் என்றால் 3 பேர், வார ஓய்வுக்கு மாற்றாள் வேறு. பாயின்ட்ஸ்மேன்களும் அதே கணக்கு. வண்டி குறைவாக ஓடும் ஒற்றைப் பாதையில் கிராஸிங்கைத் தள்ளித் தள்ளி வைத்தால் போதும் என்று அகலப்பாதைத் திட்டத்திலேயே முடிவாகிவிடும். நடுவே உள்ள ஊர்களுக்கு நடைமேடை மட்டும் கிடைக்கும். அங்கே சிக்னலும் இருக்காது, பாயின்ட்டும் இருக்காது. கால அட்டவணைப்படி டிரைவர் நிறுத்துவார், கார்டு பச்சை காட்டியதும் எடுப்பார்.

ஆள் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதே பாதை சாட்சி. 2019-இல் டெமு (டீசலில் ஓடும் பயணிகள் வண்டி) ஓடத் தொடங்கியபோது பல கேட்டுகளுக்கு ஆள் இல்லை. கேட்கீப்பர் வண்டியிலேயே வருவார். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், இறங்கிப் போய் மூடுவார், வண்டி தாண்டி மறுபடி நிற்கும், திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். ஒவ்வொரு கேட்டிலும் இதே கதை என்றால் பயண நேரம் என்னவாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டைச்சீட்டு:

சுவரில் இருக்கும் மரச்சட்டம் டிக்கெட் அடுக்கு. அட்டை டிக்கெட்டின் அளவு சுமார் 57 மில்லிமீட்டருக்கு 30. போகும் ஊருக்கு ஒரு குழல், வகுப்புக்கு ஒரு நிறம். குறைந்த எண் அடியில் இருக்கும்படி அடுக்கி, அடியிலிருந்து உருவிக் கொடுப்பார்கள். கொடுக்கும் முன் தேதி அச்சு இயந்திரத்தில் செருகினால் "டக்" என்று தேதி பதியும். ராத்திரி கணக்கு முடிக்கக் காகிதம் எண்ண வேண்டியதில்லை. பட்டுக்கோட்டைக் குழலில் காலையில் அடி எண் 00412, மாலையில் 00447 என்றால் 35 டிக்கெட் விற்றிருக்கிறது, அவ்வளவுதான். அரை டிக்கெட் என்றால் அட்டையில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்வார்கள், கணக்குக்கு அதுதான் சாட்சி. ஊரில் யார் வீட்டிலாவது பழைய அட்டை இருந்தால் முன்புறம், பின்புறம் இரண்டையும் படமெடுங்கள். கிலோமீட்டரும் கட்டணமும் அச்சிட்டிருந்தால், அதைக் கொண்டு எந்தக் காலத்து அட்டை என்று கண்டுபிடிக்க முடியும்.

ஹால்ட் ஏஜென்ட் ரயில்வே ஊழியர் இல்லை. உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்பந்தத்தில் எடுப்பார்கள், வருமானம் கமிஷன்தான். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் பணம் கட்டி டிக்கெட் வாங்கி வந்து விற்பார். வண்டி நேரத்துக்கு மட்டும் வருவதும், முன்பதிவு இல்லாததும், எல்லா ஊருக்கும் டிக்கெட் கிடைக்காததும் இதனால்தான். விற்பனை குறைந்தால் ஏஜென்ட்டுக்குக் கட்டுப்படியாகாது, விட்டுவிட்டுப் போய்விடுவார். புது ஏஜென்ட் வரும் வரை அந்த ஸ்டேஷனில் டிக்கெட்டே இல்லை. அந்த இடைவெளியில் கணக்கில் வருமானம் சரிந்து நிற்கும், அதைக் காட்டி "பயணிகள் இல்லை" என்பார்கள்.

உங்கள் மனுவுக்கும் இதுதான் முக்கியம். 2017 முதல் ஸ்டேஷன்களின் தரம் பயணிகள் எண்ணிக்கையையும் வருமானத்தையும் வைத்துத்தான். ஹால்ட்டில் மூன்று படி: வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அல்லது 1 லட்சம் பயணிகள் வரை என்றால் கடைசிப் படி. 50 லட்சம் ரூபாய் அல்லது 3 லட்சம் பயணிகளைத் தாண்டினால் முதல் படி. இரண்டுக்கும் இடையில் நடுப்படி. நிழற்குடை, தண்ணீர், விளக்கு, கழிப்பறை எவ்வளவு என்பது இந்தப் படியைப் பொறுத்தது.

கணக்கு ஏறுவது டிக்கெட்டில் "இருந்து" என்று எந்த ஊர் இருக்கிறதோ அந்த ஊருக்கு. ஏஜென்ட் இல்லை என்று பட்டுக்கோட்டையிலிருந்து டிக்கெட் எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் ஏறினால் பட்டுக்கோட்டைக்குத்தான் புண்ணியம். செல்போன் செயலியில் எடுக்கும்போதும் புறப்படும் இடத்தில் உங்கள் ஊரையே தேர்ந்தெடுங்கள். தண்டவாளத்துக்கு மிக அருகே நின்றால் செயலி டிக்கெட் கொடுக்காது, வீட்டிலேயே எடுத்துவிடுவது நல்லது. 200 கிலோமீட்டருக்குக் குறைந்த முன்பதிவில்லா டிக்கெட் 3 மணி நேரம் அல்லது அடுத்த முதல் வண்டி வரைதான் செல்லும் என்பதால் காலையிலேயே எடுத்து மாலை வண்டிக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது.

இன்னொன்று: மாதச் சீசன் ஒன்றை ரயில்வே புள்ளிவிவரத்தில் 50 பயணமாகக் கணக்கிடுவார்கள். சீசன் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும். கல்லூரிக்குப் போகிற இருபது பிள்ளைகள் உங்கள் ஊர்ப் பெயரில் சீசன் எடுத்தால் மாதம் 1,000 பயணம் ஏறும்.

அலையாத்தி:

1894-ஐ எடுத்துவிட்டோம். நன்றி. ஸ்டேஷன் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்கிறார்கள். எப்படிக் கேட்டால் பதில் வரும்? எக்ஸ்பிரஸ் மனு யாருக்குப் போக வேண்டும்? நடைமேடை ஓரத்தில் வேலிக்கு நட்டிருக்கும் பழைய தண்டவாளத் துண்டில் எழுத்துகள் தெரிகின்றன, அதை வைத்து வருடம் சொல்லலாமா?

அட்டைச்சீட்டு:

மத்திய அரசின் தகவல் உரிமை இணையதளத்தில் தெற்கு ரயில்வேயைத் தேர்ந்தெடுத்து 10 ரூபாய் கட்டினால் போதும். பெட்டியில் 3,000 எழுத்துகள்தான் செல்லும். "ஏன் ரயில் நிற்கவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் "இது தகவல் அல்ல" என்று திரும்பிவிடும். ஆவணம் கேளுங்கள்: ஸ்டேஷனின் பெயரும் குறியீடும் எழுதி, கடந்த 36 மாதங்களுக்கு மாதவாரியாகப் புறப்பட்ட பயணிகள் எண்ணிக்கை, வருமானம், இப்போதைய தரம், ஏஜென்ட் இல்லாமல் இருந்த நாள்கள், நடைமேடையின் நீளமும் உயரமும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அந்த ஏஜென்ட் இல்லாத நாள்களைக் கேட்க மறக்காதீர்கள். வருமானம் சரிந்த மாதங்களுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் உங்கள் மனுவுக்கு அதைவிட நல்ல பதில் தேவையில்லை.

கைகாட்டி:

மனு திருச்சி கோட்ட மேலாளருக்கு, நகல் தொகுதி எம்.பி.க்கு. எக்ஸ்பிரஸ் நிறுத்தத்தைக் கோட்டம் தானாகக் கொடுக்க முடியாது, பரிந்துரை சென்னை வழியாக ரயில்வே வாரியத்துக்குப் போக வேண்டும். கிடைத்தாலும் முதலில் சோதனை நிறுத்தம், 6 மாதம். அந்த ஆறு மாதத்தில் விற்பனையைப் பார்த்துத்தான் நீட்டிப்பார்கள். வண்டி நின்ற முதல் நாள் பூமாலை போட்டுவிட்டு மறுவாரம் எல்லோரும் பஸ்ஸில் போனால் நிறுத்தம் போய்விடும், அதன் பிறகு இரண்டாவது தடவை கேட்பது மிகக் கடினம்.

மனுவுக்கு முன் நடைமேடையை அளந்துவிடுங்கள். எல்எச்பி என்ற புதுவகை எக்ஸ்பிரஸ் பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர். 18 பெட்டி என்றால் 432 மீட்டர், இன்ஜின் தனி. டெமுவுக்குக் கட்டிய நடைமேடை அதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். உயரமும் பாருங்கள். தண்டவாள மட்டத்திலேயே இருக்கும் நடைமேடை ஒரு வகை, 455 மில்லிமீட்டர் ஒரு வகை, 760 முதல் 840 வரை உயர்ந்த வகை ஒன்று. பெட்டியின் தளம் தண்டவாளத்திலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடைமேடைக்கு வெளியே நிற்கும் பெட்டியில் வயதானவர் ஏற முடியாது, ஏற்றுவதற்குள் நிறுத்த நேரம் முடிந்துவிடும். அதனால் உங்களுக்கு எக்ஸ்பிரஸைவிட, காலையில் வேலை நேரத்துக்கும் மாலையில் திரும்பவும் டெமு நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்பது முதலில் பலன் தரும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் புது நடைமேடையும் வேண்டாம், வாரிய அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழுவிலேயே எழுப்பலாம்.

மீட்டர்பாதை:

தண்டவாளத்தில் எழுத்து இருப்பது நடுத்தண்டின் பக்கவாட்டில். கம்பி பிரஷ்ஷால் துருவை நீக்கிச் சுண்ணாம்புக் கட்டியைப் படுக்கையாகத் தேய்த்தால் புடைத்த எழுத்து வெள்ளையாக எழும்பும். ஆலையின் பெயர், வருடம், எடை இருக்கும். 50 அல்லது 60 என்ற எண்ணோடு ஆர் எழுத்து இருந்தால் கெஜத்துக்கு அத்தனை பவுண்டு, அது மீட்டர்கேஜ் காலத்துத் தண்டவாளம். இப்போது கிடப்பது மீட்டருக்கு 52 அல்லது 60 கிலோ.

ஆனால் அது தண்டவாளம் ஆலையில் செய்த வருடம், ஸ்டேஷன் திறந்த வருடம் இல்லை. ஒரு பாதையில் தேய்ந்ததைப் பிடுங்கி இன்னொரு பாதையில் போடுவதும், அங்கும் தேய்ந்த பிறகு வேலிக்கு நடுவதும் ரயில்வேயில் வழக்கம். 1890 என்று இருந்தால்கூட மறுபடி 1894-க்குப் போய்விடாதீர்கள். வார்ப்பு இரும்புச் சாமான்களில் எஸ்.ஐ.ஆர். (தென்னிந்திய ரயில்வே) என்று பொறித்திருந்தால், 1951-க்கு முன்னால் செய்த சாமான் என்ற அளவுக்கு மட்டும் நம்பலாம்.